காயம்பட்டவரின் அருகே முதலில் மண்டியிட வேண்டியவர் யார்?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இக்கட்டுரை பிறரைக் குறை கூறுவதற்காக எழுதப்படுவதன்று. முதல் குற்றவாளியாக நம்மையே நிறுத்திக்கொண்டுதான் எழுதத் தொடங்குகிறோம். ஆகவே சில சொற்கள் கடுமையாக இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம்.

சில காலத்திற்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, மதரஸாவின் மேல்வகுப்பு மாணவர்களை ஜவ்வாது மலையிலுள்ள காவலூருக்கு அழைத்துச் சென்றோம். பிறை, கிப்லா, தொழுகை நேரம் ஆகியவற்றைக் கணக்கிடும் வானியல் பாடம் அப்போது நடந்துகொண்டிருந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள வைணு பாப்பு வானாய்வகத்தையும், 1986 ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்ட அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கியையும் பிள்ளைகள் ஒரு முறையேனும் காண வேண்டும் என்பது நம் ஆசை.

ஆலங்காயம் தாண்டி மலைப்பாதை ஏறும்போது ஒரு வளைவில் நம் வேன் நின்றது. இரு சக்கர வாகனம் ஒன்று சறுக்கி விழுந்து கிடந்தது. ஓட்டி வந்த இளைஞர் கை சிராய்ப்புடன் திகைத்து அமர்ந்திருந்தார். பின்னால் அமர்ந்து வந்த அவருடைய சகோதரி சாலையோரத்தில் கிடந்தார். தொடையிலிருந்து இரத்தம் பெருகிக்கொண்டிருந்தது. நாம் பதினெட்டுப் பேர் வேனிலிருந்து இறங்கினோம். இறங்கி, சுற்றி நின்றோம். அவ்வளவுதான்.

மாணவர் ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தார். உடன் வந்த பெரியவர் ஒருவர், "பொம்பளப் புள்ள, நாம தொடக்கூடாது" என்றார். ஓட்டுநரோ, "பக்கத்துல போகாதீங்க ஹஜ்ரத், கேஸ் ஆயிடும்" என்று மெல்லச் சொன்னார். நாமோ உதடுகளில் துஆ ஓதியபடி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மார்க்கம் கற்பிக்கும் இந்த ஆசிரியருக்கு, பெருகும் இரத்தத்தை நிறுத்துவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை.

பின்னாலேயே ஜீப்பில் வந்த காவலர் இருவரும் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. ஒருவர் வளைவின் இருபுறமும் வண்டிகளை நிறுத்திவிட்டு 108-க்கு அழைத்தார். மற்றவர் மண்டியிட்டு அமர்ந்து, தம் துண்டை மடித்துக் காயத்தின்மீது வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். துண்டு நனைந்ததும் நம்மை நிமிர்ந்து பார்த்து, "பாய், துணி எதுனா இருந்தா குடுங்க. தலையை யாரும் தூக்காதீங்க" என்றார். நம் தோளில் கிடந்த சால்வையைக் கொடுத்தோம். அந்நாளில் நாம் செய்த ஒரே உதவி அதுதான். அதுவும் கேட்ட பிறகு செய்தது.

கீழிருந்து ஆம்புலன்ஸ் மலையேறி வர நேரமாகும் என்பதால், நம் வேனின் இருக்கையில் அப்பெண்ணைப் படுக்க வைத்து எதிரே கொண்டு போவதென்று முடிவாயிற்று. ஓட்டுநர் தயங்கினார். அக்காவலர், "நான் கூட வரேன். உங்க பேரைக்கூட யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லி ஏறிக்கொண்டார். பாதி வழியில் ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை காயத்திலிருந்து கையை அவர் எடுக்கவேயில்லை. அப்பெண் பிழைத்துக்கொண்டார் என்று பின்னர் அறிந்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

அன்று தொலைநோக்கியை நாம் காணவில்லை. திரும்பும் வழியில் மாணவர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், அந்தப் போலீஸ்காரர் செஞ்சது ஃபர்ளா? அப்படின்னா நாம செஞ்சது என்ன?"

இக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லை. இக்கட்டுரையே அதற்கான விடை.

நம் கடமையைப் பிறர் சுமக்கிறார்

ஃபர்ளு கிஃபாயா என்றால் என்னவென்று மக்தப் பிள்ளைகளும் அறிவர். ஊரில் சிலர் செய்தால் அனைவர் மீதுமுள்ள கடமை நீங்கும். எவரும் செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள். ஜனாஸா தொழுகையை இதற்கு உதாரணமாகக் காட்டுகிறோம். இறந்தவரை அடக்கம் செய்வது ஊரின் கடமை என்று கற்பிக்கும் நாம், இறந்துகொண்டிருப்பவரைக் காப்பது ஊரின் கடமை என்று ஏன் கற்பிப்பதில்லை? நம் மஹல்லாக்களில் மய்யித்தைச் சுமக்கச் சந்தூக்கு இருக்கிறது. குளிப்பாட்டப் பலகை இருக்கிறது. கஃபன் துணி இருப்பில் இருக்கிறது. உயிருள்ளவரைச் சுமக்க ஒரு ஸ்ட்ரெச்சர் இருக்கிறதா? காயத்தில் வைக்க ஒரு சுருள் பஞ்சுத்துணி இருக்கிறதா? இறந்த பின் நம்மவர் காட்டும் அக்கறையில் நூற்றில் ஒரு பங்கையேனும் இறக்கும் முன் காட்டினால், அந்தச் சந்தூக்கிற்குச் சில ஆண்டுகள் ஓய்வு கிடைத்திருக்கும்.

ஓர் உயிரை வாழவைத்தவர் மனித இனம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்னும் பொருளமைந்த அல்மாயிதா அத்தியாயத்தின் 32 ஆம் வசனத்தை நாம் மேடைதோறும் ஓதுகிறோம். இஸ்லாம் அமைதி மார்க்கம் என்று பிறருக்கு நிறுவுவதற்காக ஓதுகிறோம். அவ்வசனம் பிறருக்குக் காட்டும் நற்சான்றிதழ் அன்று. நமக்கு இடப்பட்ட பணி. அந்த மலைவளைவில் அப்பணியைச் செய்தவர் அவ்வசனத்தை ஒருவேளை ஒருபோதும் கேட்டிராதவர். அதை மனனம் செய்திருந்த நாமோ வேடிக்கை பார்த்தோம்.

ஏன் காவலரே முதலில் வந்து சேர்கிறார்?

2022 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 17,884 பேர் உயிரிழந்தனர் என்பது மத்திய அரசின் கணக்கு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 ஜனாஸாக்கள். அதே ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், இதே ஜவ்வாது மலையில், சேம்பரைக்குச் சாமி கும்பிடச் சென்ற மலைக்கிராம மக்களின் வாகனம் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் மாண்டனர். பெண்களும் சிறுமியரும் அவர்களுள் இருந்தனர்.

108 சேவை 2008 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் இயங்கி எத்தனையோ உயிர்களைக் காத்து வருகிறது. ஆயினும் ஆம்புலன்ஸ் எத்துணை விரைந்தாலும், மூச்சு நின்ற மூளை நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் சேதமடையத் தொடங்கிவிடும். பெரிய இரத்தக் குழாய் அறுபட்டவரும் சில நிமிடங்களிலேயே இறந்துபோகக் கூடும். மலையிலோ நகர நெரிசலிலோ அந்நேரத்திற்குள் எந்த ஊர்தியும் வந்து சேர்வது அரிது. ரோந்தில் இருக்கும் காவலர்தான் பல வேளைகளில் அருகில் இருக்கிறார். அவரினும் அருகில் இருப்பவர்கள் நாம்.

2021 நவம்பர் 11 அன்று சென்னையில் பெருமழை. கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் மயங்கிக் கிடந்த ஒருவர் இறந்துவிட்டதாகவே கருதப்பட்டார். டி.பி. சத்திரம் காவல் ஆய்வாளர் ராஜேஸ்வரி அவருக்கு உயிர் இருப்பதைக் கண்டு, தம் தோளில் தூக்கிச் சென்று ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார். அக்காட்சியை நாடே கண்டது. முதலமைச்சர் நேரில் அழைத்துப் பாராட்டினார். அம்மனிதர் மறுநாள் மருத்துவமனையில் இறந்துபோனார் என்பதைப் பலர் அறியார். அதனால் அச்செயலின் மதிப்பு குறைந்துவிட்டதா? இல்லை. முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்வுடையது. நாம் மிம்பரில் போதிக்கும் தவக்குல் இதுதான். ஓட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததும் இதுவே.

தோளைப் புகழ்வோம், ஸ்ட்ரெச்சர் எங்கே என்றும் கேட்போம்

இங்கே அரசை நோக்கியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். ஒரு காவலரின் தோளைப் புகழ்ந்து சான்றிதழ் அளிப்பது எளிது. எல்லாக் காவலருக்கும் பயிற்சியும் கருவியும் அளிப்பதுதான் கடினம். நாம் கண்ட அக்காவலர் பயன்படுத்தியது அவருடைய சொந்தத் துண்டு. காயத்தை அழுத்தவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது அப்பெண்ணின் நற்பேறு. அவ்விடத்தில் அறியாத ஒருவர் இருந்திருந்தால்? ஓர் உயிர் தனிமனிதரின் நல்ல மனத்தை மட்டும் நம்பித் தொங்கக் கூடாது.

பிற நாடுகளைப் பாருங்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், துப்பாக்கிச் சூட்டிலும் கத்திக்குத்திலும் காயமுற்றோரை ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் காவல் வண்டியிலேயே ஏற்றி மருத்துவமனைக்கு விரைவது பல பத்தாண்டுகளாக நடைமுறையில் உள்ளது. அதே நாட்டின் ராச்செஸ்டர் நகரில் 1990 முதல் காவல் வண்டிகள் இதயத்திற்கு மின்னதிர்ச்சி தரும் கருவியுடன் சுற்றுகின்றன. நம் மாநிலத்திலும், விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டது. அது போற்றத்தக்கது. ஆனால் மருத்துவமனை வாசல் வரை உயிரோடு வந்து சேர்பவருக்குத்தான் அத்திட்டம் பயன்படும். சாலையிலிருந்து அந்த வாசல் வரை யார் பொறுப்பு? ஒவ்வொரு காவல் நிலையத்திலும், ஒவ்வொரு ரோந்து வண்டியிலும் முதலுதவிப் பெட்டியும் ஸ்ட்ரெச்சரும் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் பயிற்சி புதுப்பிக்கப்பட வேண்டும். மலைப்பகுதிகளுக்கு இது முதலில் கிடைக்க வேண்டும். இதைக் கேட்பது நம் குடியுரிமை.

"காவல்துறையைப் புகழ்வதா?" என்போருக்கு

இக்கருத்தை நண்பர்களிடம் பேசியபோது முதலில் எழுந்த எதிர்ப்பு இதுதான். "சாத்தான்குளத்தை மறந்துவிட்டீர்களா?" என்றார் ஒருவர். மறக்கவில்லை. 2020 ஜூன் மாதம் அவ்வூரில் ஒரு தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்ததும், மத்தியப் புலனாய்வுத் துறை காவலர் ஒன்பது பேர் மீது கொலைக் குற்றம் சாட்டியதும் எவரும் மறக்கக் கூடாதவை. காரணமின்றி அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்களின் தாய்மார் விட்ட கண்ணீரை நம் சமுதாயமும் அறியும்.

ஆனால் ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து தடம்புரளச் செய்யக் கூடாது என்பது குர்ஆன் நமக்கு இட்ட கட்டளை. அதன் பொருள், நமக்கு வசதியான இடத்தில் மட்டும் நீதி பேசுவதன்று. அடித்த கையை அடித்த கை என்று சொல்வோம். காயத்தை அழுத்திப் பிடித்த கையைக் காப்பாற்றிய கை என்று சொல்வோம். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் நம் சாட்சியம் பொய்ச்சாட்சியம். மேலும், உயிர் காப்பது காவலரின் எழுதப்பட்ட கடமை என்று நாம் உரக்கச் சொல்லச் சொல்லத்தான், காவலில் இருப்பவரின் உயிரும் அக்கடமைக்குள் அடங்கும் என்று கேட்கும் உரிமை நமக்கு வலுப்பெறும். இவ்விரண்டும் ஒரே கோரிக்கையின் இரு பக்கங்கள்.

"கேஸ் ஆகிவிடும்" என்போருக்கு

நம் ஓட்டுநரின் அச்சம் பொய்யன்று. ஒரு காலத்து அனுபவம் அது. ஆனால் சட்டம் மாறிவிட்டது, நாம்தான் மாறவில்லை. காயமுற்றவருக்குச் சிகிச்சையே முதலில், சட்ட நடைமுறைகள் பின்னர் என்று உச்ச நீதிமன்றம் 1989 ஆம் ஆண்டே பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்தது. விபத்தில் உதவுவோரைப் பாதுகாக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு 2016 மார்ச் 30 அன்று அதே நீதிமன்றம் சட்ட வலிமை அளித்தது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன், கைம்மாறு கருதாமல் உதவியவர் மீது, உதவும்போது நேர்ந்த தவறுக்காக உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்க முடியாது என்கிறது அப்பிரிவு.

2020 ஆம் ஆண்டு வெளியான விதிகள் இன்னும் தெளிவானவை. உதவியவரின் பெயரையோ முகவரியையோ சொல்லுமாறு எந்தக் காவலரும் கட்டாயப்படுத்தக் கூடாது. விரும்பினால் மட்டுமே அவர் சாட்சியாகலாம். மதம், சாதி, பால், நாடு ஆகியவற்றின் பெயரால் எவ்வேறுபாடும் காட்டாமல் அவரை மரியாதையுடன் நடத்த வேண்டும். இவ்வுரிமைகளை எழுதி ஒவ்வொரு மருத்துவமனையும் தன் வாசலில் மக்கள் மொழியிலும் வைக்க வேண்டும். "தொப்பியையும் தாடியையும் பார்த்தால் நம்மைத்தான் சந்தேகிப்பார்கள்" என்று சொல்லும் இளைஞர்களே, மதம் என்னும் சொல் அவ்விதியில் எழுதப்பட்டிருப்பதை அறிந்துகொள்ளுங்கள். உங்களை எவரேனும் அவ்வாறு நடத்தினால், அவர்தான் சட்டத்தை மீறுகிறார். உரிமையை அறியாமல் அஞ்சி ஒதுங்கினால், காயம்பட்டவரின் இரத்தத்திற்கு நாம் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வோம்?

"அந்நியப் பெண்ணைத் தொடலாமா?" என்போருக்கு

இது மார்க்கத்தின் பெயரால் எழும் தடை. ஆகவே மார்க்கத்தைக் கொண்டே பேசுவோம். நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பதும், அது தேவையின் அளவுக்கே ஆகும் என்பதும் நம் ஃபிக்ஹு நூல்களின் அடிப்படை விதிகள். நீரில் மூழ்குபவரைக் காக்கத் தொழுகையையே முறிக்க வேண்டும் என்று சட்ட அறிஞர்கள் கூறியிருக்கிறார்கள். அல்லாஹ்வின் முன் நிற்கும் நிலையையே உயிருக்காக விட்டுவிடச் சொன்ன மார்க்கம், ஒரு காயத்தின்மீது துணி வைத்து அழுத்துவதைத் தடுக்குமா?

நபித்தோழியர் போர்க்களத்தில் என்ன செய்தார்கள்? காயமுற்றோருக்கு நீர் புகட்டியதையும் மருந்திட்டதையும் அவர்களை மதீனாவுக்குச் சுமந்து வந்ததையும் ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவித்த செய்தி புகாரியில் இருக்கிறது. உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்களின் முகத்தில் காயம்பட்டபோது, அலீ (ரலி) நீர் ஊற்ற ஃபாத்திமா (ரலி) கழுவினார்கள். நீர் ஊற்ற ஊற்ற இரத்தம் கூடுவதைக் கண்டு, பாயின் ஒரு துண்டை எரித்து அச்சாம்பலை வைத்து இரத்தத்தை நிறுத்தினார்கள். அக்காலத்தில் கைக்கெட்டிய மருத்துவம் அது. நாம் கற்க வேண்டியது சாம்பலை அன்று. இரத்தம் நிற்கவில்லையே என்று கண்ட உடன் வேறு வழி தேடிய அந்த விழிப்பை. இன்றைய மருத்துவம் சாம்பலும் மஞ்சளும் காப்பித்தூளும் காயத்தில் வைக்கக் கூடாதென்றும், சுத்தமான துணியால் அழுத்த வேண்டுமென்றும் சொல்கிறது. அதைக் கற்பதே ஃபாத்திமா (ரலி) அவர்களின் வழி.

பெண் ஒருவர் அருகில் இருந்து, அவருக்குப் பயிற்சியும் இருந்தால், பெண்ணுக்குப் பெண்ணே உதவுவது மேல். ஆகவேதான் நம் பெண் மதரஸாக்களில் முதலுதவி கற்பிக்கப்பட வேண்டும் என்கிறோம். பெண்களுக்குக் கற்பிக்கவும் மாட்டோம், ஆண்களைத் தொடவும் விடமாட்டோம் என்றால், அதற்குப் பேணுதல் என்று பெயரில்லை. கொலைக்கு உடந்தை என்றுதான் பெயர்.

வெட்கத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். காயத்தைத் தொட்ட காவலரைக் கண்டு கூசிய நாம், ஆடை விலகிக் கிடந்த அப்பெண்ணைப் படம் எடுத்த கைப்பேசியைக் கண்டு கூசவில்லை. எது ஹராம்? அவ்ரத்தைப் படமெடுத்து உலகிற்குக் காட்டுவதா, துணியால் மூடிக் காயத்தை அழுத்துவதா? அப்படத்தை அழிக்கச் செய்தோம் என்பதை நாம் பெருமையாகச் சொல்லவில்லை. அழிக்கச் சொல்லும் நிலை வந்ததே நம் கல்வியின் தோல்வி.

நபிவழிப் பள்ளிவாசலில் ஒரு கூடாரம்

"மதரஸாவின் வேலை மார்க்கம், இதெல்லாம் மருத்துவர் வேலை" என்னும் கடைசிச் சொல்லுக்கு வருவோம். ஹிஜ்ரி 5 ஆம் ஆண்டு அகழ்ப்போரில் ஸஅத் பின் முஆத் (ரலி) அம்பு தைத்துக் காயமுற்றார். நபி (ஸல்) அவர்கள் அவரை எங்கே வைத்துப் பராமரிக்கச் செய்தார்கள்? தம் பள்ளிவாசலில், ஒரு கூடாரத்தில். காயமுற்றோருக்கு மருந்திட்டு வந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரம் அது என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். தொழுகை நடந்த அதே இடத்தில் காயத்திற்குக் கட்டும் போடப்பட்டது.

இன்று நம் பள்ளிவாசல்களில் குளிர்சாதனம் இருக்கிறது. சலவைக்கல் தரை இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பளம் இருக்கிறது. முதலுதவிப் பெட்டி இருக்கும் பள்ளிவாசலை எண்ணிச் சொல்லுங்கள். ஜும்ஆவில் ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், ஐந்நூறு பேர் நிறைந்த அந்த அவையில் அவருடைய நெஞ்சை முறையாக அழுத்தத் தெரிந்தவர் ஒருவரேனும் இருக்கிறாரா?

எனவே மஹல்லா ஜமாஅத்தார் முன் சில கோரிக்கைகளை வைக்கிறோம்.

ஒவ்வொரு பள்ளிவாசலிலும் முதலுதவிப் பெட்டியும் ஸ்ட்ரெச்சரும் இருக்கட்டும். சந்தூக்கு வைத்திருக்கும் அறையிலேயே வையுங்கள்; அறையின் சாவி எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். ஆண்டுக்கு இருமுறை, அரசு மருத்துவரையோ 108 ஊழியரையோ அழைத்துப் பயிற்சி நடத்துங்கள். அப்பயிற்சிக்கு உள்ளூர்க் காவல் நிலையத்தாரையும், அண்டை வீட்டு முஸ்லிமல்லாத சகோதரர்களையும் அழையுங்கள். ஒருவரையொருவர் அஞ்சிய இரு தரப்பார் ஒரே பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பழகட்டும். மதரஸா முதல்வர்கள், ஜனாஸா பாடம் நடத்தும் அதே வாரத்தில் உயிர்காக்கும் பாடத்தையும் நடத்தட்டும்.

அப்பாடம் நீண்டதன்று. இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை மடித்து வைத்து விடாமல் அழுத்த வேண்டும். நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். மூச்சு இருந்து நினைவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கீழே விழுந்தவரின் கழுத்தை வளைத்துத் தூக்கக் கூடாது. மூச்சே இல்லை என்றால் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, சுமார் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, உதவி வரும் வரை அழுத்த வேண்டும். பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ கயிற்றால் இறுக்கவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இவ்வளவையும் ஒரு பிற்பகலில் கற்கலாம். தஜ்வீதின் ஒரு விதியைப் பழக்க நாம் ஒரு மாதம் செலவிடுகிறோம். ஓர் உயிருக்கு ஒரு பிற்பகல் கூடாதா?

இதற்குச் செலவாகும் தொகை பெரிதன்று. ஒரு திருமணத்தில் வீணாகும் பிரியாணியின் விலையில் ஒரு மஹல்லாவுக்கே பெட்டி வாங்கலாம். இதைவிடச் சிறந்த ஸதகா ஜாரியா எது என்று செல்வந்தர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

அம்மாணவருக்கான விடை

ஆம், மகனே! அக்காவலர் செய்தது ஃபர்ளு. அவர் மீதும் அது கடமை. நம் மீதும் அது கடமை. அவர் செய்ததால் நம் கடமை நீங்கியது என்று ஃபிக்ஹு சொல்லலாம். ஆனால் செய்யத் தெரியாமல் இருந்ததற்கான கேள்வி நீங்கவில்லை. தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்ட நாய்க்குத் தன் காலணியால் நீர் இறைத்துக் கொடுத்த பெண்ணின் பாவங்களை அல்லாஹ் மன்னித்தான் என்று உமக்குக் கற்பித்தோம். அப்பெண்ணிடம் வாளி இல்லை, கயிறு இல்லை. இருந்ததைக் கொண்டு செய்தாள். அக்காவலரிடம் மருந்துப் பெட்டி இல்லை, துண்டு இருந்தது. நம்மிடம் பதினெட்டுப் பேரும் ஒரு வேனும் ஒரு சால்வையும் இருந்தன. இல்லாமல் போனது கல்வி.

அந்தக் கல்வியைத் தர வேண்டியவர்கள் நாம், தராதவர்களும் நாம்தான். இவ்வாண்டு முதல் நம் வகுப்பில் அப்பாடம் தொடங்கிவிட்டது. பாடம் எடுப்பவர் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர். மாணவர்களோடு முதல் வரிசையில் அமர்ந்து நாமும் கற்கிறோம். கற்று முடித்த பின், இன்ஷா அல்லாஹ், காவலூர் மலைக்கு மீண்டும் செல்வோம். வழியில் எவரேனும் விழுந்து கிடந்தால், காவலர் வரும் வரை கைகட்டி நிற்க மாட்டோம்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளை உயிர் காக்கும் கைகளாக ஆக்குவாயாக! யாரென்று கேளாமல் காயத்தைக் கட்டிய அனைவருக்கும் நிறைவான கூலி வழங்குவாயாக! அறிந்ததைச் செயலாக்கும் தவ்ஃபீக்கை எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.